துருவப் பனியும் நம் வீட்டுக் கரண்ட் பில்லும்: எல்லைப் பக்கத்து ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில், கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவே இருக்கிற ஊர்கள் எங்களுடையவை. ரேஷன் கார்டு கேரளா, வீட்டுப் பேச்சு தமிழ், வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொள்ளாச்சி அல்லது கோவை. இங்கே ஒரு தமிழ் வழிப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். துருவப் பனி உருகுவதைப் பற்றி வகுப்பில் சொன்னது பிள்ளைகளோடு வீட்டுக்குப் போய், மறுநாள் பெற்றோர் கேள்வியாகத் திரும்பி வந்தது. பிறகு பால் சொசைட்டி வாசலில், குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்தில், பஸ்ஸில் என்று போகிற இடமெல்லாம் அதே சந்தேகங்கள். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

வடதுருவத்துல பனி உருகினா நம்மூருக்கு என்னங்க டீச்சர்? இங்க கடலும் இல்ல, பனியும் இல்ல.

கடல் இல்லைதான். ஆனால் அங்கே பனியை உருக்குகிற அதே சூடுதான் இங்கேயும் ஏறிக்கொண்டிருக்கிறது. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை என்று வானிலை மையம் அறிவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டு ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. அன்று கொட்டிய மழையைப் பருவநிலை மாற்றம் சுமார் 10 விழுக்காடு கூடுதலாக்கியது என்று அதை ஆராய்ந்த பன்னாட்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

துருவத்துக்கும் நம் மழைக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. கோவாவில் இருக்கிற தேசியத் துருவ, கடல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், கோடையில் ஆர்க்டிக் என்கிற வடதுருவப் பகுதியின் காரா கடலில் பனி குறைவதையும் செப்டம்பரில் மத்திய இந்தியாவில் பெய்கிற மிகக் கனமழையையும் இணைத்துக் காட்டியிருக்கிறார்கள். கடல் மட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: நமக்குத் தென்மேற்கே குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற நிலத்தில் நெல் விளைவிக்கிறார்கள். கடல் ஒரு சாண் ஏறினாலும் அவர்களுக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம்.

நம்ம வீட்டுப் புகை அத்தனை தூரம் எப்படிப் போகும்?

கண்ணுக்குத் தெரிகிற புகை பெரும்பாலும் போகாது. போவது கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயு, பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது. பெட்ரோல், டீசல், நிலக்கரி, கேஸ் எதை எரித்தாலும் அது வரும். ஓரிரு ஆண்டுகளுக்குள் உலகக் காற்று முழுக்கக் கலந்துவிடும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் விட்டாலும் நியூயார்க்கில் விட்டாலும் துருவத்துக்கு ஒன்றுதான். நிலக்கரி யுகத்துக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. விட்டதில் ஏறக்குறைய பாதியைக் கடலும் காடும் இழுத்துக்கொள்கின்றன. மிச்சம் காற்றிலேயே தங்குகிறது, அதில் ஒரு பங்கு பல நூற்றாண்டுகளுக்கு.

துருவத்தில் இந்தச் சூடு இரட்டிப்பாக வேலை செய்கிறது. வெண்பனி மேல் விழும் வெயிலில் 80 விழுக்காட்டுக்கு மேல் திரும்பிப் போய்விடும். பனி போய்க் கருநீலக் கடல் தெரிந்தால் கிட்டத்தட்ட முழு வெயிலையும் கடல் குடித்துக்கொள்ளும். அந்தச் சூடு பக்கத்துப் பனியையும் உருக்கும். 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருப்பது இதனாலும்தான்.

டம்ளர்ல ஐஸ் உருகினா தண்ணி மட்டம் ஏறலையே, அப்புறம் கடல் மட்டும் எப்படி ஏறும்?

எட்டாம் வகுப்பு மாணவன் கேட்டது. வகுப்பிலேயே செய்து பார்த்தோம். ஒரு சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர், அதில் மிதக்கிற ஐஸ் துண்டு. அது முழுக்கக் கரைந்தும் ஒரு சொட்டு வழியவில்லை. இன்னொரு டம்ளரில் ஒரு நீளக் கல்லை நட்டோம். கல்லின் தலை தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரி வைத்து, தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, அந்தத் தலையில் ஐஸை வைத்தோம். கால் மணி நேரத்தில் தண்ணீர் வழிந்து மேஜை நனைந்து, முன் வரிசைப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

வடதுருவக் கடலில் மிதக்கிற பனி முதல் டம்ளர். அது உருகினால் கடல் மட்டம் நேரடியாக ஏறாது, மேலே சொன்னபடி சூடுதான் கூடும். கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் இரண்டாவது டம்ளர்: நிலத்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்து நிற்கிற பனி. கிரீன்லாந்துப் பனி மொத்தமும் உருகினால் கடல் 7 மீட்டருக்கு மேல் ஏறும், அண்டார்டிகா என்றால் ஐம்பது மீட்டருக்கும் மேல். அது நம் காலத்தில் நடக்காது. ஆனால் தொடங்கிவிட்டது. 1900-க்குப் பின் கடல் 20 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறியிருக்கிறது. இப்போது ஆண்டுக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் ஏறுகிறது, 1990-களின் தொடக்கத்தில் இருந்ததைப் போல் இரண்டு மடங்கு. இதில் ஒரு பங்கு, சூடான தண்ணீர் விரிவதாலும் வருவது.

ஓசோன் ஓட்டை வழியா வெயில் இறங்கித்தானே பனி உருகுது?

இல்லை. இவை இரண்டும் வேறு வேறு. ஓசோன் படலத்தைக் கெடுத்தவை பழைய ஃபிரிட்ஜ், ஸ்பிரே வாயுக்கள். 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் அவற்றை உலகம் நிறுத்தியது, படலம் மெல்லத் தேறி வருகிறது. எல்லா நாடும் சேர்ந்தால் முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி. அந்த வாயுக்களின் உறவுக்காரர்கள் இன்னும் நம் ஏசிக்குள் இருக்கிறார்கள், அது பின்னால் வருகிறது.

நான் ஒருத்தி லைட்டை அணைச்சா எத்தனை பனி மிஞ்சிரப் போகுது?

இதற்கு உண்மையிலேயே ஒரு எண் இருக்கிறது. 2016-இல் டிர்க் நோட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளின் அளவீடுகளை வைத்து ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஒரு டன் கரியமில வாயு வெளியேறினால், செப்டம்பர் மாத ஆர்க்டிக் கடல் பனியில் சுமார் 3 சதுர மீட்டர் குறைகிறது. இரண்டு பாய் விரிக்கிற இடம்.

இந்த எண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனென்றால் இதில் ‘இந்த அளவுக்குக் கீழே இருந்தால் கணக்கில் வராது’ என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு டன்னும் அதன் பங்குப் பனியை எடுக்கிறது. குறைத்த ஒவ்வொரு டன்னும் அதன் பங்கை மிச்சம் வைக்கிறது. ஆகவே கேள்வி ‘ஒருத்தியால் ஆகுமா’ என்பதல்ல, ஒரு டன் என்பது நம் வீட்டில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான். இனி வரும் பதில்களில் அதைத்தான் தேடப் போகிறோம்.

அமெரிக்காக்காரனும் சீனாக்காரனும் விடறாங்க, நாம ஏனுங்க குறைக்கணும்?

நியாயமான கேள்வி, மழுப்ப விரும்பவில்லை. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 14 டன் விடுகிறார். சீனர் 8 டன்னுக்கு மேல். இந்தியர் 2 டன் அளவுதான், உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. இதுவரை காற்றில் சேர்ந்ததிலும் பெரும்பங்கு பணக்கார நாடுகளுடையது. பாரம் அவர்கள் மேல் கூடுதலாக விழ வேண்டும், அதைக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

ஆனால் மொத்தமாகப் பார்த்தால் இன்று இந்தியா மூன்றாவது இடம். அந்த 2 டன் என்கிற சராசரிக்குள் தென்னந்தோப்பில் கூலி வேலைக்குப் போகிற அக்காவும் இருக்கிறார், இரண்டு ஏசியும் ஒரு காரும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கு இரண்டு முறை விமானம் ஏறுகிற குடும்பமும் இருக்கிறது. ஒரு ஃபேனும் இரண்டு லைட்டும் மட்டும் உள்ள வீட்டில் போய்ச் சிக்கனம் பேசுவது அநியாயம், நான் பேசவும் மாட்டேன். இந்தப் பக்கம் எழுதியிருப்பது குறைப்பதற்கு ஏதாவது இருக்கிறவர்களுக்கு.

சரிங்க, வீட்டுல எதுல இருந்து ஆரம்பிக்கறது?

ஃபேனிலிருந்து. நம் ஊர் வெயிலுக்கு ஃபேன் நிற்பதே இல்லை. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்கிற சிக்கன மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 245 யூனிட் மிச்சம். நாட்டின் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், 170 கிலோ. மூன்று ஃபேன் மாற்றிய வீடு இரண்டே ஆண்டில் ஒரு டன் குறைத்துவிடும்.

அடுத்தது கூரை. கான்கிரீட் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்புகிற வெள்ளைப் பெயின்டோ பங்குனிக்கு முன்னால் அடித்துவிட்டால் கீழே அறையில் சூடு குறைவது உடம்புக்கே தெரியும், ஏசி வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடலாம். எல்இடி பல்பு இப்போது எல்லா வீட்டிலும் வந்துவிட்டது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கேரளா கரண்ட் இடுக்கி தண்ணியில இருந்து வர்றதுதானே? அதுல ஏது புகை?

இடுக்கி நல்ல நிலையம்தான், 780 மெகாவாட். ஆனால் கேரளா செலவழிக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்குவது. அதில் நிலக்கரி மின்சாரம் நிறைய. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பும் தேசிய மின்தொகுப்போடு இணைந்துவிட்டது. வாளையாருக்கு இந்தப் பக்கம் பட்டனைத் தட்டினாலும் அந்தப் பக்கம் தட்டினாலும் கம்பியில் ஓடுவது ஒரே கலவை. அதனால்தான் மேலே ஃபேன் கணக்கில் நாடு முழுவதற்குமான 0.7-ஐப் பயன்படுத்தினேன்.

தமிழ்நாட்டுப் பக்கம் ‘நம்மகிட்ட எத்தனை காத்தாடி சுத்துது’ என்பார்கள். கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, பல்லடம் வரை நிற்கிற அந்தக் காற்றாலைகள் வைகாசி முதல் புரட்டாசி வரை கொட்டிக் கொடுக்கும். மற்ற மாதங்களில் சோர்ந்துவிடும். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடும்போது நிலக்கரிதான் கை கொடுக்கிறது. வாஷிங் மெஷின், கிரைண்டர், தண்ணீர் மோட்டார் மூன்றையும் பகல் வெயில் நேரத்துக்கு மாற்றினால் அதுவும் ஒரு குறைப்புதான், காசு செலவில்லாதது.

மொட்டை மாடியில சோலார் போட்டா நெசமாலுமே லாபமா?

சொந்த வீடு, நிழல் விழாத தளம், மாதம் 200 யூனிட்டுக்கு மேல் செலவு, இந்த மூன்றும் இருந்தால் தயங்க வேண்டாம். ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் ஆண்டுக்கு 4,000 யூனிட்டுக்கு மேல், ஏறக்குறைய 3 டன் கரியமில வாயு மிச்சம். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இரண்டு மாநிலத்திலும் உண்டு, விண்ணப்பம் திட்டத்தின் தேசிய இணையதளத்தில், அனுமதி அந்தந்த மின்வாரியம் வழியாக. மாதம் 60, 70 யூனிட் செலவழிக்கிற வீட்டுக்கு அவசரமில்லை, ஃபேன் மாற்றுவதே போதும்.

தோட்டத்துக் கரண்ட் ஃப்ரீதானே, அதுல என்ன சிக்கனம்?

பில் வராததால் யார் கண்ணிலும் படாத டன்கள் இங்கேதான் இருக்கின்றன. 5 எச்பி மோட்டார் மணிக்கு 4 யூனிட் அளவுக்கு இழுக்கும். நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டில் 200 நாள் ஓடினால் 4,800 யூனிட், 3.3 டன்னுக்கு மேல். வீட்டில் ஃபேன், லைட், மிக்ஸி எல்லாம் சேர்ந்தாலும் இதைத் தொடாது. போர் ஆழமாக ஆக மோட்டாரின் எச்பியும் ஏறும், கணக்கும் ஏறும்.

தென்னைக்குச் சொட்டுநீர் போட்டு, மரத்தடி வட்டத்தில் ஓலையையும் தேங்காய் மட்டையையும் மூடாக்காகப் போட்டால் மோட்டார் ஓடும் நேரம் கணிசமாகக் குறையும். அந்த ஓலையைக் குவித்துத் தீ வைக்கிற வழக்கமும் கூடவே நின்றுபோகும். ஆட்டோ ஸ்டார்ட்டரில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிற பழக்கத்தை மட்டும் விட்டால்கூடப் பெரிய மிச்சம். புது மோட்டார் வாங்குகிறவர்கள் பிஎம்-குசும் திட்டத்தில் சோலார் பம்புக்கு மானியம் கிடைக்குமா என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேஸ் அடுப்பா, இன்டக்ஷனா, விறகா? எது நல்லது?

இதில் விளம்பரம் ஒன்று சொல்கிறது, கணக்கு வேறொன்று சொல்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் முழுக்க எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு. அதே சமையலை இன்டக்ஷனில் செய்ய 130 யூனிட் அளவுக்கு வேண்டும். இன்றைய மின்தொகுப்பில் அது 90 கிலோ. ஆக, கம்பியில் வருகிற மின்சாரத்தை நம்பி இன்டக்ஷனுக்கு மாறினால் இப்போதைக்குக் கரியமில வாயு கூடும். மாடியில் சோலார் இருந்து பகலில் சமைத்தால் நிலைமை தலைகீழ், அப்போது இன்டக்ஷனே மேல். விறகும் ஓலையும் காற்றிலிருந்து எடுத்த கரியையே திருப்பித் தருகின்றன, மரத்தை வெட்டாதவரை அந்தக் கணக்கில் குற்றமில்லை. ஆனால் அந்தப் புகை அடுப்படியில் நிற்கிற பெண்ணின் நுரையீரலுக்குப் போகிறது. புகைபோக்கி வைத்த அடுப்பு இல்லாமல் விறகை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எந்த அடுப்பானாலும் பாதி வேலையை அடுப்பில்லாமலே முடிக்கிற ஒரு வழி நம் பாலக்காட்டில் பல வீடுகளுக்குத் தெரியும்: சூடாறாப்பெட்டி. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்கிற மக்கள் அறிவியல் அமைப்பு ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பழக்கிய பொருள் இது. முண்டூரில் இருக்கிற அவர்களுடைய ஊரகத் தொழில்நுட்ப மையம் நமக்குக் கூப்பிடு தூரம்தான். தடித்த தெர்மாகோல் சுவர், உள்ளே பானை அளவுக்குக் குழி, மேலே இறுக்கமான மூடி, அவ்வளவுதான். மட்டை அரிசி வேக எத்தனை நேரம் ஆகும் என்று தெரியும். அதைப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, மூடியைத் திறக்காமல் அப்படியே பெட்டிக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், சோறு பூவாக வெந்திருக்கும், அடியும் பிடித்திருக்காது. கஞ்சி வடிப்பது வழக்கம்போல. பயறு, கடலை, சுண்டலுக்கும் இதே முறை, இரவே ஊறப் போட்டிருக்க வேண்டும்.

பெட்டி வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. மூங்கில் கூடையில் வைக்கோலை அழுத்தித் திணித்து, நடுவில் பானைக்கு இடம் விட்டு, பழைய பஞ்சுத் தலையணையை மேலே வைத்தாலும் வேலை நடக்கும். பானை சின்னதாகவும் குழி பெரிதாகவும் இருந்தால்தான் சோறு வேகாமல் நிற்கும். அந்த இடைவெளியைத் துணி வைத்து அடைத்துவிடுங்கள்.

மாட்டுச் சாணம், நெல் வயல் எல்லாம்கூடக் காரணம்னு சொல்றாங்களே, அது நம்மளைத் திட்டறதுதானே?

திட்டு இல்லை. தண்ணீர் தேங்கி நிற்கிற வயலில், மூடிய சாணக் குழியில், மாட்டின் வயிற்றில் மீத்தேன் உண்டாகிறது என்பது உண்மை. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு சூடேற்றும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. நல்ல பக்கமும் உண்டு. மீத்தேன் சுமார் 12 ஆண்டில் காற்றிலிருந்து அழிந்துவிடும். இன்று குறைத்தால் நம் காலத்திலேயே பலன் தெரியும்.

வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை போதும். ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே அடுத்த தண்ணீர் விட வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காய விடக் கூடாது. மீத்தேன் மூன்றில் ஒரு பங்காவது குறையும், விளைச்சல் குறையாது, சித்தூர்ப்புழைத் தண்ணீருக்கு வாய்க்கால் கடைசியில் காத்திருக்கிறவனுக்கும் முறை வரும். நாலைந்து மாடு இருக்கிற வீட்டில் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் வைக்கலாம். நாளுக்கு 50 கிலோ சாணம் போட்டால் முக்கால் கிலோவுக்கு மேல் கேஸுக்கு இணையான எரிவாயு கிடைக்கும், சாணக் கரைசல் தென்னைக்கு. மாட்டை விற்றுவிடு என்று சொல்கிறவர்கள் நம் ஊர்க் குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்ததில்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகூட இருக்காது. அதுல இருந்து 2.3 கிலோ கரியமில வாயு வருதுன்னா கணக்கு உதைக்குதே?

உதைக்கவில்லை. பெட்ரோலில் இருப்பது கரியும் ஹைட்ரஜனும். எரியும்போது ஒவ்வொரு கரி அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 12 பங்கு எடையுள்ள கரி 44 பங்கு எடையுள்ள வாயுவாகிறது. கூடுதல் எடை காற்றுடையது. டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினாலும் கரண்ட் நிலக்கரியில இருந்துதானே வருது?

வருகிறது, இருந்தும் பாதியாகக் குறைகிறது. வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வேலைக்குப் போய் வருகிறவர் நாளுக்கு 50 கிலோமீட்டர், ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைப்போம். லிட்டருக்கு 50 தருகிற பைக்கில் 300 லிட்டர், 690 கிலோ. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்கு 3 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடக் குடிக்கும், நிலக்கரி கலந்த மின்சாரத்திலேயே 350 கிலோ அளவுதான். இன்டக்ஷனில் தோற்ற மின்சாரம் இங்கே ஜெயிப்பது ஏன் என்றால், பெட்ரோல் எஞ்சின் தன் எரிபொருளில் பெரும்பகுதியை வெறும் சூடாகவே வீணாக்குகிறது, கேஸ் அடுப்பு அவ்வளவு வீணாக்குவதில்லை.

இரண்டையும் தோற்கடிப்பது நிறைந்த பஸ். அதே தூரத்துக்கு ஓர் ஆளின் பங்கு 200 கிலோவுக்கும் கீழே. தினமும் முடியாது என்றால் வாரம் இரண்டு நாள் போதும். தமிழ்நாட்டுப் பக்கம் விலை குறைவு என்று டேங்க் நிரப்புவதற்காக மட்டும் எல்லை தாண்டிப் போய் வருவதையும் நிறுத்தலாம், மிச்சமாகிற காசு வழியிலேயே எரிந்துவிடுகிறது. வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு ஒன்று: கொச்சியிலிருந்து துபாய்க்கு ஓர் ஆள் ஒரு வழி போனாலே சுமார் கால் டன். போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. கோவையிலிருந்து சென்னைக்கு ரயில் இருக்கும்போது விமானம் ஏறுவதைத்தான் கேட்கிறேன்.

மஞ்சப்பை எடுத்துட்டுப் போனாப் பனி உருகறது நிக்குமா?

மஞ்சப்பை அவசியம், ஆனால் அது வேறு நோய்க்கு மருந்து. சாக்கடை அடைப்பதையும், மாட்டு வயிற்றில் பிளாஸ்டிக் சேர்வதையும் அது தடுக்கும். கரியமில வாயுக் கணக்கில் பங்கு சிறிது. பையை மாற்றிவிட்டோம், கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. குப்பையில் பனிக்குச் சம்பந்தப்பட்டது ஈரக் கழிவு. மலையாகக் குவிந்து அழுகும்போது மீத்தேன், தீப்பிடித்தால் நச்சுப் புகை. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் எரிந்ததைப் பார்த்தோம். வீட்டுக் கொல்லையில் உரக்குழி போட இடம் இருக்கிற நமக்கு அதைச் செய்யாமல் இருக்கக் காரணமே இல்லை.

மரம் நட்டுட்டா எல்லாம் சரியாயிடுமில்லீங்களா?

வளர்ந்த மரம் ஆண்டுக்கு 20 கிலோ அளவுக்குக் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். ஒரு டன்னுக்கு ஐம்பது மரம், அதுவும் வளர்ந்த பிறகு. மேலே தோட்டத்து மோட்டாரின் 3.3 டன்னுக்கு எத்தனை மரம் என்று பெருக்கிப் பாருங்கள். நட வேண்டாம் என்று சொல்லவில்லை. மேற்குச் சுவரில் வெயில் விழாதபடி வேம்போ புங்கனோ நட்டால் ஃபேன், ஏசிச் செலவு குறைகிற வழியில் இன்னும் கூடுதலாக உதவும். வரப்பில் நிற்கிற பழைய பனையைச் செங்கல் சூளைக்கு விற்காமல் இருப்பது நூறு கன்று நடுவதைவிட மேல்.

ஏசி மெக்கானிக் வருசா வருசம் கேஸ் ஊத்தணும்ங்கறாரு. அதுக்கும் பனிக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு, யாரும் கேட்காத கேள்வி இதுதான் என்பது என் வருத்தம். ஏசிக்குள் இருக்கிற வாயு செலவாகிற பொருளே இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் ஊற்றினால், ஊற்றியதும் காற்றுக்குத்தான் போகும். ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஓர் இந்தியரின் ஓராண்டுக் கணக்கு முழுவதும் ஒரு சின்னக் கசிவில் போய்விடும். புது ஏசிகளில் வருகிற ஆர்-32 என்றால் கரியமில வாயுவைப் போல் 675 மடங்கு. புரொப்பேன் என்கிற ஆர்-290 மிக மிகக் குறைவு. வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் எந்த வாயு, எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும்.

மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஊற்றுவதற்கு முன் கசிவைக் கண்டுபிடித்து வெல்டு வைக்கச் சொல்லுங்கள், சோப்பு நுரை தடவினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். வீடு மாற்றும்போது வாயுவைத் திறந்து விடாமல் பம்ப் டவுன் செய்து வெளி யூனிட்டுக்குள் அடைக்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. ஓட்டும்போது 26 டிகிரியில் வைத்துக் கூடவே ஃபேனையும் போடுங்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் வாரியத்தின் கணக்கு.

இன்னைக்கே எல்லாரும் நிறுத்திட்டாப் போன பனி திரும்பி வந்துருமா?

இரண்டு டம்ளர் சோதனையை நினைவில் வையுங்கள். மிதக்கிற கடல் பனி வேகமாகப் பதில் சொல்லும். உலகம் கரியமில வாயு சேர்ப்பதை நிறுத்தினால் சூடு ஏறுவதும் ஏறக்குறைய நின்றுவிடும், பனி குறைவதும் நிற்கும், காற்று தெளியத் தெளியத் திரும்பியும் வரும். 1980-களில் செப்டம்பரில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்த ஆர்க்டிக் பனி, 2012-இல் 34 லட்சத்துக்கு இறங்கியது. 2050-க்குள் ஒரு செப்டம்பரிலாவது அது ஏறக்குறைய இல்லாமல் போக வாய்ப்பு அதிகம் என்கிறது ஐநாவின் பருவநிலைக் குழு.

நிலத்துப் பனி அப்படியல்ல. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சுமார் 27,000 கோடி டன் பனியை இழக்கிறது. பல்லாயிரம் ஆண்டு பெய்து இறுகியது நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் திரும்பாது. எவ்வளவு சீக்கிரம் குறைக்கிறோமோ அவ்வளவு மெதுவாகக் கடல் ஏறும். குட்டநாட்டுக்காரர்களுக்கு வரப்பை உயர்த்த எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பது அதைப் பொறுத்தது.

எங்க வீட்டுக்கு எத்தனை டன்னுன்னு நாங்களே கணக்குப் போட முடியுமா?

முடியும். ஓராண்டுக் கரண்ட் பில், பெட்ரோல் செலவு, சிலிண்டர் புத்தகம் மூன்றும் போதும். யூனிட்டை 0.7-ஆல் பெருக்குங்கள். பெட்ரோல் லிட்டரை 2.3-ஆல், டீசலை 2.7-ஆல். சிலிண்டர் ஒன்றுக்கு 42. கூட்டினால் கிலோ, ஆயிரத்தால் வகுத்தால் டன். எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதை வீட்டுப்பாடமாகச் செய்தார்கள். உதாரணத்துக்கு, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட், மாதம் 25 லிட்டர் பெட்ரோல், ஆண்டுக்கு 8 சிலிண்டர் செலவழிக்கிற வீட்டுக்கு 1,680, 690, 336, மொத்தம் 2.7 டன். மூன்று சதுர மீட்டர் கணக்குப்படி ஆண்டுக்கு 8 சதுர மீட்டர் பனி. சாப்பாடு, துணி, சிமென்ட் இதில் சேரவில்லை.

பெரிய எண் எது என்று பார்த்து அதற்குரிய பதிலுக்கு மேலே திரும்பிப் போங்கள். தோட்டம் இருக்கிறவர்கள் மோட்டார் ஓடிய மணி நேரத்தைக் குறித்து வைத்துத் தனியாகச் சேர்க்க வேண்டும், பில் அதைக் காட்டாது. அந்த ஆண்டில் ஏசிக்குக் கேஸ் ஊற்றியிருந்தால், எத்தனை கிராம் என்று மெக்கானிக்கிடம் கேட்டு எழுதி வாங்கி, அந்த வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.